கையைக் காட்டச் சொன்னவர்

அன்று எங்கள் படப்பை வீட்டில் இருந்தது நான், என் மனைவி, மச்சான், பிறகு பழுது பார்க்க வந்திருந்த தெற்கத்திக்காரர் ஒருவர்; ஒரகடம் கம்பெனி ஒன்றில் மெயின்டெனன்ஸ் பார்ப்பவர். மரத்தில் பூ செதுக்கும் எங்கள் மிஷின், ஓரத்தில் நிற்காமல் போய் முட்டி, பூஜையறைக் கதவுக்கான தேக்குப் பலகையைக் கெடுத்திருந்தது. இன்னொன்றும் கெட்டால் பலகை வாங்க வழியில்லை.

ஒல்லியான மனிதர், குழி விழுந்த கண். ஓரத்தில் மிஷினை நிறுத்த வேண்டிய சென்சாரில் மரத்தூள் அப்பியிருந்தது. பிரஷால் தட்டி எடுத்து, சைக்கிள் டியூபை வெட்டி மேலே மறைப்புக் கட்டினார்.

"தெனமும் தொடைங்க. பிளக்கப் புடுங்கிட்டுத் தொடைங்க."

சுவிட்சைப் போடும் முன், "எல்லாரும் ரெண்டு கையையும் காட்டுங்க" என்றார்.

"இன்னா சார், இஸ்கூல்ல நகம் பாக்குற மாரி கீதே!" மச்சான் சிரித்தான்.

அவர் சிரிக்கவில்லை. "கம்பெனில ஒரு நாள் மிஷின் லைன் நின்னு போச்சு. சென்சார்ல தூசி. தொடச்சேன், ஒடனே லைன் ஓட ஆரம்பிச்சிட்டு. அந்தப் பக்கம் ஒருத்தன் உள்ள கைய விட்டுருந்தான். நான் பாக்கல."

"இப்ப அவரு எப்டிண்ணே கீறாரு?" என்றாள் என் மனைவி.

அவர் எங்கள் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்து, சுவிட்சைப் போட்டார்.

மிஷின் ஓரம் வரை போய், நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. மச்சான் கைதட்டினான். அவர் மட்டும் மிஷினுக்குப் பின்னால், யாருமில்லாத சுவரோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்றும் சுவிட்சைத் தொடும் முன் நான் அங்கே பார்க்கிறேன். யாரும் இருப்பதில்லை. பார்க்காமல் போடவும் முடிவதில்லை.