இரண்டும் என்று எழுதினேன்

ஆந்திரா தனி மாநிலமாகி, எங்கள் சித்தூர் மாவட்டம் அதில் சேர்ந்த பிறகும், எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற சண்டை சில வருஷம் ஓயவில்லை. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அப்போது நான் ஒருத்திதான் ஆசிரியை.

திருப்பதியில் பயிற்சி முடித்ததும், அங்கேயே தங்க அறையோடு வேலை தருகிறோம் என்றார்கள். எங்கள் தெருவிலிருந்து எழுத்து கற்று வெளியே போனவள் நான் ஒருத்தி. நானும் திரும்பாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள் என்று இரண்டு நாள் ஜெபித்தேன். பிறகு இரண்டு வெள்ளைப் புடவைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறிவிட்டேன். எனக்கு அந்த இரண்டு புடவை போதுமாக இருந்தது. இரண்டே புடவையா என்று கிண்டல் செய்தவர்கள் செய்துகொள்ளட்டும்.

ஒரு நாள் எங்கள் திருச்சபையின் செயலர் ஒரு தாளோடு வந்தார். பள்ளிக்கூட நிர்வாகமும் அவர் கையில்தான் இருந்தது. ஊரில் பெரிய நிலம் அவருடையது. என் அப்பா, நான் நைனா என்று கூப்பிடுகிறவர், அந்த நிலத்தில்தான் கூலி வேலை செய்தார். பிள்ளைகளின் பெயர், வயது, வீட்டில் பேசும் மொழி எல்லாவற்றையும் நிரப்பி அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டிய தாள் அது. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ஊர் எந்தப் பக்கம் என்று முடிவு செய்வார்கள் என்று பேச்சு.

"எல்லாருக்கும் தெலுகுன்னு போட்டுடும்மா. பள்ளிக்கூடத்த பெரிசாக்கித் தரோம்னு ஆந்திரா சர்க்கார்ல வாக்கு குடுத்துக்கிறாங்க" என்றார். அவர் வீட்டில் பேசுவது தமிழ்.

இரண்டு நாள் கழித்து நகரியிலிருந்து நான்கைந்து இளைஞர்கள் சைக்கிளில் வந்தார்கள். "அக்கா, எல்லாம் தமிழுன்னு எயுதுங்க. ஒண்ணு ரெண்டு வூட்ல தெலுகு பேசினா இன்னா, யாரு வந்து பாக்கப்போறாங்க?"

இரண்டு தரப்பும் என்னிடம் கேட்டது ஒரே பொய்யைத்தான். மொழியில் மட்டும்தான் வித்தியாசம். பொய்ச்சாட்சி கூடாது என்று வாரம் தவறாமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

எங்கள் தெருவில் எல்லாம் தமிழ். மேட்டுத் தெருவில் சில வீடுகளில் தெலுங்கு மட்டும். நெசவுக்காரர் தெருவில்தான் மாட்டிக்கொண்டேன். தறியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளிடம், "பிள்ளைங்ககிட்ட எந்த மொழியில பேசறீங்க?" என்று கேட்டேன்.

அவள் தறியை நிறுத்தி யோசித்தாள். "கொஞ்சறப்போ தெலுகு, அடிக்கறப்போ தமிழு. அவங்க நைனா ரெண்டையும் கலந்து திட்டுவாரு. நீயே பாத்து எயுதிக்கோ டீச்சரம்மா."

பார்த்து எழுதினேன். தமிழ் பேசும் வீட்டுக்குத் தமிழ், தெலுங்கு பேசும் வீட்டுக்குத் தெலுங்கு. அவள் பிள்ளைகளுக்கும் அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கும் 'இரண்டும்' என்று. பள்ளிக்கூட ஆய்வாளர் வந்தபோது, செயலர் பக்கத்தில் நிற்கும்போதே தாளை ஆய்வாளர் கையிலேயே கொடுத்தேன். செயலர் எட்டிப் பார்த்தார். அவர் முகம் கறுத்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜனங்கள் எழுந்திருக்கும் முன்பே அவர் முன்னால் வந்து நின்றார். எங்கள் கோயிலில் அவர் வீட்டாரும் அவர் உறவுக்காரர்களும் பெஞ்சில் உட்காருவார்கள், எங்கள் தெரு ஜனம் பின்னால் பாயில்.

"கிறிஸ்தவளுக்கு மொதல்ல வேண்டியது தாழ்மை" என்றார். "உங்க நைனாவப் பாரு. இத்தினி வருசமா என் எதுர்ல தலை நிமிந்ததில்ல. அவரண்ட கத்துக்கினு வா. தப்பா எயுதிட்டேன்னு ஒரு கடுதாசி குடு, வேல இருக்கும்."

நான் பாயிலிருந்து எழுந்தேன். "தாழ்மை கர்த்தருக்கு முன்னால, ஐயா. நீங்க கேக்கறது பொய். அத்த நான் எழுத மாட்டேன்."

நைனா தலை குனிந்தபடியே இருந்தார்.

மறுநாள் என் வேலை போயிற்று. நைனாவுக்கும் அந்த நிலத்தில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் புத்தூர் சந்தைக்கு மூட்டை தூக்கப் போக ஆரம்பித்தார். அந்த வயதில் மூட்டை. பத்து நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு காலையில் கூழ் குடித்துக்கொண்டிருந்தவரிடம், "நானும் கொஞ்சம் தாழ்ந்து போயிருக்கணும், நைனா" என்றேன்.

கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நான் குனிஞ்சது வயித்துக்கும்மா. அத்த தாழ்மைன்னு அந்தாளு பேரு வெச்சிக்கினான். நீயும் அப்பிடிச் சொல்லாத."

அதற்குப் பிறகு நான் யாருக்கும் பயப்படவில்லை. நெசவுக்காரர் தெருவில் அந்த அம்மாளின் தறிக்கூடத்தில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கி, தினமும் காலையில் பள்ளிக்கூடம் திறக்கும் முன்பு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். பகலில் நாற்று நடப் போனேன். ஞாயிறு தவறாமல் அதே கோயிலுக்குப் போனேன். பாயில் இல்லை, முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் வாரம் பக்கத்திலிருந்த பெண் எழுந்து போனாள். மூன்றாவது வாரம் என் தெருப் பெண்கள் இருவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் புது ஆசிரியர் வந்தார். மதனப்பள்ளிப் பக்கத்து ஆள், தெலுங்குக்காரர். என் இடத்தைப் பிடித்தவர் என்று மனதுக்குள் அவர்மேல் கசப்பை வளர்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் ஆனதும் அவர் தறிக்கூடத்து வாசலில் வந்து செருப்பைக் கழற்றினார். "நாக்கு அரவம் ராதம்மா" என்றார். தனக்குத் தமிழ் வராது என்கிறார். "பாதிப் பிள்ளைங்க நான் சொல்றது புரியாம ஒக்காந்துகினு இருக்குதுங்க. என்ன செய்றது, நீங்க சொல்லுங்க" என்று தெலுங்கில் கேட்டார்.

என் கசப்பை நினைத்து வெட்கப்பட்டேன். அவருக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து கற்றார். தப்பாக எழுதினால் பிள்ளைகள் சிரிக்கும், அவரும் சிரிப்பார்.

கடைசியில் எல்லை முடிவாயிற்று. திருத்தணி மதராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். செயலர் சொன்ன பெரிய பள்ளிக்கூடம் வரவில்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தனி ஆள் இல்லாமல் தன்னால் நடத்த முடியாது என்று அந்த ஆசிரியர் நிர்வாகத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் என்னை உதவி ஆசிரியையாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

'மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லை. பாடம் நடத்த நாளைக்கே வருகிறேன்' என்று இரண்டு வரி எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. மறுநாள் போய் வகுப்பில் நின்றேன். ஒருவரும் தடுக்கவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் உதவி ஆசிரியைதான். அந்தப் பெயரில் எனக்கு ஒரு குறையும் இல்லை.