என்ன கொழம்பு?

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து மழைக்குப் பயந்து ஓடுகிற எறும்புக் கூட்டம் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டவன் நான். எந்த இடத்தில் எந்த ‘ல’ போடுவது என்பது எனக்கு இன்னும் தீராத வழக்கு. தப்பு கண்ணில் பட்டால் மனசுக்குள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். என்னிடம் வந்து சொல்ல வேண்டாம், நான் கூச்சப்படுகிற ஆள்.

எழுதச் சொன்னது பெரியாஸ்பத்திரியில் இருக்கும் கவுன்சலிங் மேடம். அதற்காக வாங்கிய எண்பது பக்க நோட்டு ஒரு வருஷம் ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. அதற்குள் என் மனைவி முன்பக்கங்களில் மார்கழிக் கோலமாகப் போட்டு நிரப்பிவிட்டாள். ஆகவே என் கதை பதினைந்தாம் பக்கத்தில், ஒரு மயிலுக்குப் பின்னால் ஆரம்பிக்கிறது.

நானும் என் நண்பனும் பீங்கான் பொம்மை செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் இருபது வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். கூழாகக் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி யானை, முயல் எடுப்பது என் வேலை. காய்ந்த பொம்மையைப் பளபளப்புக்காகக் கிளேஸ் கரைசலில் முக்குவது அவன் வேலை. அவன் ஒரு யானையைக் கையில் எடுத்தால், “வாங்க சூப்பர்வைசர், குளிக்கலாம்” என்றுதான் முக்குவான். சூப்பர்வைசர் பின்னால் நின்றாலும் சொல்வான்.

அவ்வளவு பேசுகிறவனிடம் நான் பேசியது இருபது வருஷமும் ஒரே கேள்விதான். எனக்கு ஒரு மணிக்கு இடைவேளை, அவனுக்கு ஒன்றரைக்கு. நான் கை கழுவிவிட்டுப் போகும்போது அவனுடைய கொட்டகையில் தலையை நீட்டிக் கேட்பேன்.

“சாப்டாச்சா?”

“ஆச்சு.”

ஒன்றரை மணிக்குச் சாப்பிடுகிறவன் ஒன்றே முக்காலுக்கு ஆச்சு என்றால் நம்பலாம். ஒன்றே காலுக்கே ஆச்சு என்று சொன்ன நாட்களும் இருந்தன. நான் அதையும் நம்பினேன்.

சாயங்காலம் இரண்டு சைக்கிளில் வீட்டுக்குப் போவோம். அவன் முன்னால், நான் பின்னால். அவனுடைய காலிச் சாப்பாட்டு டப்பாவுக்குள் ஸ்பூன் ‘டங்கு டங்கு’ என்று ஆடும். அந்தச் சத்தத்துக்கு எங்கள் தெரு நாய்கள் எல்லாம் எழுந்து வரும். அவன் காலைத் தூக்கி ஹேண்டில்பாரில் வைத்துக்கொள்வான். நாய்கள் ஏமாந்து என்னைத் துரத்தும். கடைசிப் பத்து நாள் அந்தச் சத்தம் வரவில்லை. நாய்களும் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

பிறகு ஒரு நாள் அவன் வேலைக்கு வரவில்லை. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான் என்று சூப்பர்வைசர் வந்து சொன்னார். ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எல்லாம் கைக்கு எட்டுகிற காரணங்கள். ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் டப்பா ஏன் சத்தம் போடவில்லை என்பது மட்டும், சாவு முடிந்த எட்டாம் நாள் சைக்கிளில் போகும்போது தெரிந்தது. அது நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது. அங்கேயே இறங்கி நின்றுவிட்டேன். ஒரு லாரிக்காரர் என்னைத் திட்டிய வார்த்தைகளை இந்த நோட்டில் எழுத முடியாது, கோலம் இருக்கிறது.

அதற்குப் பிறகு எனக்கும் சோறு இறங்கவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு என் மனைவி என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். கவுன்சலிங் மேடத்திடம் டப்பா விஷயத்தைச் சொல்லி முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. வாரத்துக்கு ஒரு வாக்கியம்.

“டப்பா சத்தத்த வெச்சு ஒருத்தர் மனசக் கண்டுபுடிக்கலாம்னா எங்களுக்கு இங்க வேலையே இல்லைங்க” என்றார் அவர். “நீங்க கொன்னுடல. உங்களுக்குத் தெரியல. ரெண்டும் வேற வேற. இனிமே யாரப் பத்தியாச்சும் பயமா இருந்தா நேராவே கேளுங்க. கேக்குறதால அந்த நெனப்பு புதுசா வந்துடாது.”

நேராகக் கேட்பதா? நான் பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே பக்கத்து ஆளைத் தூது விடுகிறவன். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். “சாப்டாச்சா” என்றால் எல்லோரும் ஆச்சு என்பார்கள். இரண்டாவதாக, “என்ன கொழம்பு?” என்று கேட்டுவிட வேண்டியது. சாப்பிட்டவனுக்குக் குழம்பு தெரியும்.

கம்பெனியில் இருந்த பதினாறு பேரையும் தினமும் கேட்க ஆரம்பித்தேன். ஒரே வாரத்தில் பிரச்சினை வந்தது. நான் மெஸ் வைக்கப் போகிறேன் என்றார்கள். வார்டு எலெக்‌ஷனில் நிற்கப் போகிறேன் என்றார்கள். என் மனைவி காதுக்கும் போயிற்று.

“ஊரு கொழம்பெல்லாம் விசாரிக்கிறீங்களாமே. கல்யாணமாகி இத்தன வருஷத்துல என் கொழம்பப் பத்தி ஒரு வார்த்த கேட்டிருக்கீங்களா?”

பேக்கிங் வேலை பார்க்கும் பெண்ணின் புருஷன் ஒரு நாள் வண்டியை நேராக என் யானைகள் காயும் இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்தினார்.

“எங்க வூட்ல என்ன கொழம்புன்னு தெனம் கேக்குறீங்களாமே, எதுக்கு?”

நான் குனிந்து யானைகளை எண்ண ஆரம்பித்தேன். சூப்பர்வைசர்தான் வந்து காப்பாற்றினார்.

“அட, அவரு எல்லாரையும்தான் கேக்குறாரு. என்னையே கேக்குறாரு. நானே பதில் சொல்றேன், ஒனக்கென்ன?”

புருஷன்காரர் வண்டியில் ஏறினார். வண்டியைத் திருப்பும்போது, “நேத்து காரக்கொழம்பு. நல்லாத்தான் இருந்துது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தப் பதினாறு பேரில் சூளைக்காரர் மட்டும் வேறு ரகம். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வருகிறவர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். கேட்டால், “ஒன் மாமியா வெச்ச கொழம்பு, போடா எரும” என்பார். எருமை, பன்னி, கழுதை என்று கிழமைக்கு ஒன்று வரும். அது போதும் எனக்கு, ஆள் நன்றாக இருக்கிறார் என்று போய்விடுவேன்.

போன தை மாதம் ஒரு நாள் காலை டீ நேரத்தில் கேட்டேன்.

“சாப்டாச்சாண்ணே?”

“ஆச்சு.”

“என்ன கொழம்பு?”

சூளையைப் பார்த்துக்கொண்டு, “தெரியலப்பா” என்றார்.

எருமை வரவில்லை, அப்பா என்றார்.  டீயைக் கீழே வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன். ஒரு முயலை எடுத்துத் துடைத்தேன். அதற்குக் காது உடைந்தது. கடைசியில் அந்த முயலைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

“அண்ணே, செத்துப்போயிடலாம்னு ஏதாச்சும் தோணுதா?”

அவர் என் கையிலிருந்த முயலை வாங்கிப் பார்த்தார்.

“இதக் கேக்கத்தான் முயல ஒடச்சியா?” என்றார். பிறகு, “நாலஞ்சு நாளா தோணுதுடா. வூட்ல எல்லாரும் இருக்காங்க. சோறு போடுறாங்க. எதுவும் எறங்க மாட்டேங்குது.”

அறிவுரை சொல்லாதீர்கள், தனியாக விடாதீர்கள் என்று மேடம் சொல்லியிருந்தார். முதலாவது எனக்குச் சுலபம், என்னிடம் அறிவுரை எதுவும் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து, பத்து மணிக்கே என் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தேன். கத்திரிக்காய் கருவாட்டுக் குழம்பு. அவர் மூன்று வாய் சாப்பிட்டார். சூப்பர்வைசர் சூளையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, வேப்பூரில் ஓட்டல் வேலையில் இருக்கும் சூளைக்காரர் மகனுக்குப் போன் போட்டார்.

மகன் நேராக ஆஸ்பத்திரிக்கே வருவதாகச் சொன்னதால் நான் அவரை சைக்கிளில் ஏற்றிப் போனேன். ஆஸ்பத்திரியில் மேடத்தின் அறையை மாற்றியிருந்தார்கள். யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, இருப்பதிலேயே நீளமான வரிசையில் போய் நின்றேன். அரை மணி நேரம் கழித்து எங்கள் முறை வந்தது. உள்ளே இருந்தவர் பல் டாக்டர்.

“எந்தப் பல்லு?” என்றார்.

இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் வாயைத் திறந்துவிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்து, “கடவாப்பல்லு, எடுக்கணும்” என்றார்.

பின்னால் சூளைக்காரர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்து, சூளை இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரலில் வராந்தா முழுக்கக் கேட்கும்படி அவரே கேட்டார்: “ஏம்மா, மனசு டாக்டரு எங்க இருக்காங்க?” அத்தனை தலையும் திரும்பியது. நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

மகன் வந்து சேர்ந்தான். அதிலிருந்து மாதா மாதம் அவன்தான் கூட்டிப்போகிறான். மாத்திரை சாப்பிடுகிறார். சில நாள் நன்றாக இருக்கிறார், சில நாள் இல்லை. இல்லாத நாளில் அவரே என்னிடம் வந்து உட்காருகிறார். என் பல் இன்னும் இருக்கிறது.

நண்பனிடம் கேட்காத கேள்வியை இவரிடம் கேட்டதால் அது சரியாகிவிடவில்லை. சைக்கிளில் போகும்போது முன்னால் இருக்கிற வெறும் ரோடு இன்னும் கண்ணில் குத்துகிறது.

இன்று மதியம் கேட்டேன். “ஆச்சுடா பன்னி. மோர்க்கொழம்பு” என்றார் சூளைக்காரர். திரும்பியவனைக் கூப்பிட்டார்.

“இரு. எல்லாரையும் கேக்குறியே, நீ சாப்ட்டியா? என்ன கொழம்பு?”

இத்தனை நாளில் யாரும் என்னைக் கேட்டதில்லை. கொஞ்சம் தடுமாறிவிட்டேன்.

“மொச்சக்கொட்ட.”

“பொய்யி. டப்பாவக் காட்டு.”

திறந்து காட்டினேன். காலியாக இருந்தது, ஸ்பூன் மட்டும் கிடந்தது. அவர் டப்பாவை வாங்கி மூடி, காதருகே ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜ் மேலிருந்து நோட்டை எடுத்தேன்.

எழுதியது, கார்த்திகை ஆறாம் தேதி, சாயங்காலம்.