அண்ணா கேட்ட மண்டபம்

அண்ணா மறைந்து முப்பத்தோராம் நாளான இன்று இந்த நினைவுமலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அண்ணாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதும்படி தங்கையான என்னிடம் அண்ணி கேட்டார். அண்ணாவைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்லதுதான் இருக்கிறது. மற்றவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

பருத்தித்துறையில் பிறந்து பாடசாலை மேடையில் நடிக்கத் தொடங்கிய அண்ணா, போரினால் சிட்னிக்கு வந்த பின்னும் நடிப்பை விடவில்லை. செவன் ஹில்ஸில் ஒரு சரக்குக் களஞ்சியத்தில் வேலை. லீவு போட்டுவிட்டு இங்குள்ள தொலைக்காட்சித் தொடர்களில் நடிக்கப் போவார். டாக்சி ஓட்டுநர், கடைக்காரர், இரண்டு தடவை பிணம். அந்தப் பாத்திரங்களுக்குப் பெயர்கூட இருக்காது. "இந்தமுறையாவது உன்ரை அண்ணர் வாய் திறக்கிறாரோ?" என்று கொண்டாட்ட வீடுகளில் என்னைச் சீண்டுவார்கள். அண்ணா சிரித்துவிடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணாவின் ஆசையெல்லாம் இங்கே தமிழில் ஒரு முழு நாடகம் போடுவதுதான். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் கதையைத் தானே எழுதி, எங்கள் கராஜில் மாதக்கணக்காக ஒத்திகை பார்த்தார். அண்ணா கேட்டபோது, கலைவிழாவன்று தன் மண்டபத்தில் அதற்கு நேரம் தருவதாக இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கமும் சொல்லியிருந்தது.

அந்த நேரத்தில்தான் தொலைக்காட்சியில் முதன்முறையாகப் பெயரும் வசனமும் உள்ள வேடம் கிடைத்தது. காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் கள்ளத்தனமாகப் படகில் இங்கே ஏற்றி அனுப்பும் ஏஜென்சிக்காரன். அண்ணா உயிரைக் கொடுத்து நடித்தார். ஒளிபரப்பான மறுவாரமே சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. படகில வந்த சனம் கனக்க இருக்கு. உங்களை மேடையில கண்டால் அவையளுக்கு மனம் நோகும்."

"நான் நடிச்சனான் தம்பி. அவன் நானில்லை."

"ஓம், எங்களுக்கு விளங்குது. சனத்துக்கு விளங்க வேணுமே."

தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நாடகம் நின்றது. ஒரு கல்யாண வீட்டில் அறிவிப்புச் செய்ய அண்ணாவைக் கேட்டிருந்தவர்களும் சத்தமில்லாமல் வேறு ஆளைப் பிடித்தார்கள்.

உண்மையாகவே படகில் வந்த ஒருவர், இன்னும் தற்காலிக விசாவில் இருப்பவர், அண்ணாவோடு அதே களஞ்சியத்தில் வேலை செய்தார். அவர் வீடு தேடி வந்து, "என்னை ஏத்திவிட்டவன் இவ்வளவு வடிவாக் கதைக்கேல்லை அங்கிள். நீங்கள் கலக்கிப்போட்டியள்" என்றார். அவருக்கு மனம் நொந்ததா என்று சங்கத்தில் யாரும் அவரைக் கேட்கவில்லை.

பிறகு நுரையீரல் நோய் வந்து அண்ணாவின் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. கடைசிவரை அவருக்கு நம்பிக்கை போகவில்லை. "அடுத்த விழாவுக்கு மண்டபத்தைக் கேட்டுப் பாப்பம் தங்கச்சி" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சிரைக்கச் சொன்னார். நானும் "ஓம் அண்ணா" என்றேன். சங்கத்தாரை நான் மன்னிக்கவில்லை.

அண்ணாவைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச்சென்று கூட்டிவந்த அந்தக் களஞ்சியத்துத் தம்பிக்கும், எங்களுக்குச் சமைத்துத் தந்த பக்கத்து வீட்டு அன்ரிக்கும், இறுதிக் கிரியையில் கூடநின்ற எல்லோருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன்பட்டிருக்கிறது.

சங்கமும் அண்ணாவுக்குக் 'கலைச்செம்மல்' என்று பட்டம் சூட்டி, ஓர் அஞ்சலிச் செய்தி அனுப்பியிருந்தது. நினைவுக் கூட்டத்துக்கு மண்டபத்தை இலவசமாகத் தருவதாகவும் அதில் இருந்தது. அந்தச் செய்தியை இம்மலரில் நாங்கள் சேர்க்கவில்லை. மண்டபமும் எங்களுக்கு வேண்டாம். அண்ணா அதைக் கேட்டபோது அவருக்குக் குரல் இருந்தது.