வெள்ளைக் கிண்ணத்தில் தயிர்சாதம்

கொளஞ்சிக்குப் பொய் சொல்ல வராது. விருத்தாசலம் பீங்கான் கம்பெனியில் என் பக்கத்தில் உட்கார்ந்து கிண்ணம் தட்டியவள் அவள். சூளையிலிருந்து இறக்கிய ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டிப் பார்ப்போம். கணீரென்றால் வலது பக்கம். மொத்தென்றால் உள்ளே கீறல், இடது பக்கம். வாயைத் திறக்க மாட்டோம். ராப்பகலாகத் தீப்போட்ட சூளைக்காரர் எதிரிலேயே நிற்கும்போது, உடைசல் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கு மனசு வரும்? கை மட்டும் தள்ளும்.

அந்தச் சூளைக்காரர்தான் அவள் புருஷன் சிங்காரவேல். எங்கள் கிண்ணங்கள் மெட்ராஸில் ஒரு பெரிய ஏ.சி. ஓட்டலுக்குப் போயின. அங்கே தயிர்சாதம் சாப்பிடவென்றே காரில் வந்து இறங்குகிறார்கள் என்று லாரி டிரைவர் சொன்னதிலிருந்து மனுஷருக்கு அதே பேச்சு. "நான் சுட்ட கிண்ணத்துல நானே ஒருநாளு சாப்புடணும்." பழையதுக்கு வழியில்லாமலா மெட்ராஸ் போகிறீர்கள் என்று நாங்கள் கேலி செய்வோம்.

போனார். தொண்ணூற்றிரண்டில், தொண்டையில் கட்டியோடு. ஆஸ்பத்திரியில் டாக்டர் கொளஞ்சியைத் தனியே கூப்பிட்டு, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, பிடித்ததை வாங்கிக் கொடுங்கள் என்றார். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். "வாங்க, அந்த ஓட்டலுக்குப் போவோம்." இந்த ஒரு வேளையாவது அவர் ஒன்றும் தெரியாமல் சந்தோஷமாகச் சாப்பிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஓட்டலில் செருப்பை எங்கே விடுவதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்களாம். உள்ளே குளிர். சர்வர் வெறும் கிண்ணத்தை வைத்ததும் கொளஞ்சி பழக்கதோஷத்தில் சுண்டிவிட்டாள். கணீரென்றது. சர்வர் விழிக்க, சிங்காரவேல் சிரித்துவிட்டார். "ஒண்ணுமில்ல தம்பி, நம்ம கிண்ணந்தான்."

குழைந்த சோறு, மேலே மாதுளை முத்து. தண்ணீர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, முதல் வாயை மெல்ல இறக்கினார்.

"டாக்டரு என்னா சொன்னாரு?"

"மருந்து குடுத்திருக்காங்க. பொங்கலுக்குள்ள நல்லாயிடும்னாங்க."

தடுமாறாமல்தான் சொன்னாள். அவர் மேசையைப் பார்த்தார். பிறகு குனிந்து சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, நிறுத்தவில்லை. கிண்ணத்தை வழித்துவிட்டு, "நல்லா இருந்துச்சு கொளஞ்சி" என்றார். தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள், பைத்தியக்காரி.

பஸ் உளுந்தூர்பேட்டையைத் தாண்டும்போது கேட்டார்.

"நான் தண்ணி குடிச்ச டம்ளர ஏன் எடது பக்கம் தள்ளுன?"

அவளுக்குத் தள்ளிய ஞாபகமே இல்லை. நல்லாயிடும் என்று வாய் சொல்லும்போதே கை தள்ளியிருக்கிறது. வருஷக்கணக்காக அந்தக் கைக்கு எதிரே நின்றவருக்கா தெரியாது?

"தெரிஞ்சுமா எல்லாத்தையும் சாப்புட்டீங்க?"

"நீ பாத்துக்கிட்டே இருந்தியே."

பொங்கலுக்கு அவர் இல்லை. கொளஞ்சி கம்பெனிக்குத் திரும்பி வந்தாள். தட்டுகிற வேலை மட்டும் வேண்டாமென்று, மண் சலிக்கிற பக்கம் போய்விட்டாள்.