மருந்தில்லாமல் நான் பிழைக்கவில்லை

போதகர் ஐயா, நீங்கள் பொய் சொன்னீர்கள். "நம்ம புஷ்பத்தைக் கர்த்தர் மருந்தில்லாமலே சுகமாக்கினார்" என்று மஸ்கெலியா ஜெபக்கூட்டத்தில் நீங்கள் சொன்னது பொய். அந்தப் புஷ்பம் நான்தான். சகோதர சகோதரிகளே, நடந்ததை நானே சொல்கிறேன்.

கொழுந்து பறிக்கிறவளுக்கு முதுகுவலி என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தோட்ட டிஸ்பென்சரியில் எட்டு மாதம் தைலமும் பனடோலும் கொடுத்தார்கள். ஒருநாள் கூடையைத் தூக்கும்போது விலா எலும்பு முறிந்தது. கொழும்பில் சோதித்து, எலும்புக்குள் இருக்கும் மச்சையில் புற்றுநோய் என்றார்கள்.

முதலில் மாதக்கணக்கில் மருந்து. பிறகு ஊசி போட்டு, மச்சையிலிருந்த மூல அணுக்களை இரத்தத்துக்குள் வரவழைத்தார்கள். என் இரத்தம் ஒரு இயந்திரத்துக்குள் போய், அந்த அணுக்களை மட்டும் அங்கே விட்டுவிட்டு எனக்கே திரும்பி வந்தது. அணுக்களை உறைய வைத்தார்கள்.

"அவளோடத எடுத்து அவளுக்கே குடுக்கிறதுக்கு எதுக்குங்க இவ்வளவு பாடு?" என்று என் கணவர் கேட்டார்.

ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த நர்ஸ் ஒருத்தி சிரித்தாள். "பழைய தேயிலை மலைய அழிக்கிறதுக்கு முந்தி தவறணைப் பாத்தியில புதுக் கன்னு போட்டு வைக்கிறீங்கல்ல அண்ணே? அதுதான் இது."

அழித்தார்கள். மச்சையையே அழிக்கும் பலமான மருந்தை ஏற்றினார்கள். அதன் பிறகு என் அணுக்களைக் குழாய் வழியாகத் திருப்பி விட்டார்கள். அவை முளைக்கும்வரை கிருமியை எதிர்க்க என் உடம்பில் ஒன்றுமில்லை. வாயெல்லாம் புண். தண்ணீர்கூட இறங்கவில்லை. காய்ச்சல் கொதித்தது. கணவர் கண்ணாடிக்கு அப்பால் நின்றார். நான் அற்புதம் கேட்கவில்லை. "ஆண்டவரே, போட்டது வேர் பிடிக்கட்டும்" என்று மட்டும் கேட்டேன். பன்னிரண்டாம் நாள் காலையில் வெள்ளணு ஏறத் தொடங்கியது. அழுதேன். அது அவர் தந்த பதில். மருத்துவர்களின் கையால் தந்தார்.

நோய் அடங்கியிருக்கிறது. திரும்பவும் வரலாம் என்கிறார்கள். இன்னும் மாத்திரை விழுங்குகிறேன்.

ஐயா, இதையெல்லாம் உங்களிடம் சொன்னேன். "மருந்துக் கதையெல்லாம் எதுக்கும்மா? சாட்சின்னா சுருக்கமா இருக்கணும்" என்றீர்கள்.

அந்தச் சுருக்கத்தைக் கேட்டுத்தான் டயகமவில் செல்வி என்கிறவள் கிளினிக் போவதை நிறுத்தினாள். அவளுக்கும் இதே நோய். போய்ப் பார்த்தேன். படுக்கையிலிருந்து அவளால் எழும்ப முடியவில்லை.

"ஒங்களுக்கு ஊசியே இல்லாம சொகமாச்சாமே அக்கா. எனக்கு மட்டும் விசுவாசம் இல்லியா?"

உண்மையைச் சொன்னேன். "ஐயா பொய் சொல்ல மாட்டாரு" என்றாள்.

சகோதரிகளே, கர்த்தரை நம்புங்கள். என்னைக் கைவிடாதவர் உங்களையும் கைவிட மாட்டார். நம்பிக்கொண்டே கிளினிக்குக்கும் போங்கள்.

ஐயா, வருகிற ஞாயிறு செல்வியைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். அவள் முன்னால், சபை முன்னால், மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லுங்கள்: என் சாட்சியிலிருந்து மருந்தை வெட்டியது யார்?