மூட்டையில் கிடந்த போர்வை

பெட்டிக்காரம்மா சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்தாள் என்பதைவிட அதோடு மல்லுக்கு நின்றாள் என்பதே சரி. தெருத் துணியெல்லாம் வெளுத்து, இஸ்திரிப் பெட்டி போட்டு, ஒற்றை ஆளாய் மகனை வளர்த்தவள். அவள் வீட்டில் ஒரே சட்டம்: அழுக்குத் துணி ராத் தங்கக் கூடாது. வாழவந்த புதிதில் மருமகள் ஒருநாள் அதை மறந்து, தெருவே கேட்கத் திட்டு வாங்கினாள். அப்புறம் மறக்கவே இல்லை.

அதுதான் வினையாகப் போனது.

பெட்டிக்காரம்மாவின் கழுத்துக் கட்டியை அறுத்தெடுத்த பிறகு, மிச்சத்தைப் பொசுக்க ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். "உங்க வேர்வையிலகூட மருந்து இருக்கும். பிள்ளைத்தாச்சி கிட்ட வரக் கூடாது. துணியைக் கட்டி வைங்க, நாங்க சொல்றவரைக்கும் யாரும் தொடக் கூடாது." வீட்டுக்கு வந்தவள் முதல் பாதியைச் சொன்னாள். துணியைப் பற்றிச் சொல்லவில்லை. தன் மூட்டையில் யார் கைவைக்கப் போகிறார்கள் என்ற மிதப்பு.

நாலு மாதப் பிள்ளைத்தாச்சியான மருமகள் சோற்றுத் தட்டை மாமியார் தனியாக இருந்த அறை வாசலில் வைத்துவிட்டு விலகித்தான் போனாள். ஆனால் பின்பக்கம் கிடந்த மூட்டை கண்ணை உறுத்தியது. பிரித்து, போர்வையை ஊறவைத்து, கையாலேயே கசக்கிக் காயப்போட்டுவிட்டாள். தனியறை நாள் முடிந்து வெளியே வந்தபோதுதான் பெட்டிக்காரம்மாவுக்கு அது தெரிந்தது.

இன்று காலை டாக்டர் மருமகளின் கழுத்தில் கருவியை வைத்து, உள்ளே ஏறியிருந்த மருந்தை அளந்து பார்த்தார்.

"இப்ப இருக்கிறது கொஞ்சம்தான். அன்னைக்கு எவ்வளவு உள்ள போச்சுங்கிறதைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் சொல்லணும். குழந்தைக்குப் போனது, சராசரி உடம்பை வச்சுப் போடுற கணக்கு. அது மூணு மடங்கு கூடவும் இருக்கலாம், மூணுல ஒரு பங்காவும் இருக்கலாம்."

"இடுப்பளவு முப்பதும் இருக்கலாம், தொண்ணூறும் இருக்கலாம்னு தையக்காரன் சொன்னா, கத்திரிக்கோலைப் பிடுங்கிட்டுத் துரத்த மாட்டோமா டாக்டரே?" என்றாள் பெட்டிக்காரம்மா.

"வயித்துக்குள்ள டேப் விட முடியாதேம்மா. கூடுதல் கணக்கையே எடுத்தாலும் கலைக்கிற அளவு ஆபத்து இல்ல. ஆனா ஒண்ணுமே இல்லன்னு சத்தியம் பண்ண என்னால முடியாது."

அந்த மனுஷன் பொய் சொல்லியிருந்தால்கூட நன்றாகத் திட்டியிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போனதில் ஆத்திரம் இரட்டிப்பானது.

வீட்டுக்கு வந்ததும் மகன் கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டான். "டாக்டருக்கே நிச்சயமில்ல. எதுக்கு வம்பு? கலைச்சிட்டு அடுத்ததைப் பாத்துக்கலாம்."

பெட்டிக்காரம்மா பெட்டியைக் காலர்மேல் ஓங்கி வைத்தாள். "கறை இருக்குமோன்னு தூக்கிப் போட அது என்ன துணியாடா?"

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீயா பாப்பே?"

பெட்டிக்காரம்மாவின் கோபம் மருமகள் பக்கம் திரும்பியது. "எல்லாம் உன்னாலதான்டி! தொடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டா வாய் வெந்தா போயிடும்?"

மருமகள் மடித்த துணிகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முதலில் புருஷனைப் பார்த்தாள். "கலைக்கிற அளவு ஆபத்து இல்லன்னு டாக்டர் சொன்ன முன்பாதி என் காதுல விழுந்துச்சு. நான் பெத்துக்கத்தான் போறேன். ஆஸ்பத்திரிப் பேச்சை இத்தோட விடுங்க." பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள்.

"கேட்டிருக்கணும்தான் அத்தை. ஆனா அந்த மூட்டை அப்படியே கிடந்திருந்தா, அறையை விட்டு வந்ததும் நீங்க என்னை என்ன சொல்லியிருப்பீங்க?"

காலர் தீயும் வாடை வந்தது. பெட்டிக்காரம்மா பெட்டியைத் தூக்கவில்லை. மருமகள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.