கூடப் பணிபுரிபவர் பெயர்

ஆசிரியர்களுக்குப் பொது இணையதளம் அமைப்பது கல்யாண மண்டபம் கட்டுவது மாதிரி. ஆள் வராவிட்டால் கட்டியவன்தான் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரை நம்பி ஊர் ஊராக அலைந்த சகாக்களே, உங்களுக்கு இது புதிதல்ல. இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில், கொல்லிமலை ஆசிரியர்கள் தங்கள் பாடங்களைப் பகிர்ந்துகொள்ள ஒரு தளம் அமைக்கும்படி சேலத்து அறக்கட்டளை ஒன்று என்னை, அங்கே 'நாடு' என்று சொல்லப்படும் ஊராட்சிகளில் ஒன்றான வாழவந்தி நாட்டுக்கு அனுப்பியது. கோடை விடுமுறைக்குள் ஒரு மலை ஆசிரியராவது ஒரு பாடத்தை ஏற்றாவிட்டால் கடையைக் கட்டிவிடுவோம் என்றும் சொல்லி அனுப்பியது.

வந்தவர் எண்ணிக்கை

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண் ஒன்றைத் தளத்தின் அடியில் வைத்திருந்தேன். அது தினமும் ஏறியது. ஏற்றியது நான்தான். காலையில் பார்ப்பேன், ஒன்று கூடும். யாராவது வந்தார்களா என்று சாயங்காலம் பார்ப்பேன், இன்னொன்று கூடும்.

அதுவரை அந்த மலையில் நான் வாய்விட்டுப் பேசியது, நான் சாப்பிட்ட மெஸ்ஸை நடத்திய அக்காவிடம் மட்டும்தான். இந்தக் கதையை அவரிடம் சொன்னேன். இட்லியை வைத்தபடி கேட்டார்: "ஏனுங்க, நம்ம ஊட்டுக்கு நாமளே வந்து போறதையும் விருந்தாளிக் கணக்குல சேத்துக்குவாங்களா?"

ஒரே லைன்

நான் வேலை பார்த்த பஞ்சாயத்து ஆபீஸில் போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே லைன். நான் இணையத்தில் இருந்தால் யாரும் பேச முடியாது. மிளகு பறிக்கிற காலம். குண்டூர் நாட்டிலிருந்து போனில் விலை விசாரிக்க வந்த விவசாயி ஒருவர் என் முதுகுக்குப் பின்னால் காத்திருந்தார். ஒரு படம் ஏறுவதற்குள் லைன் அறுந்து அறுந்து போனது. அவர் மெதுவாகச் சொன்னார்: "ஆருமே பாக்காததுக்கு என்னங்க சாமி அவசரம், நாங்க மிளகு வெலையைக் கேட்டுக்கறோம்."

காலிக் கட்டம்

அதே பள்ளியில் இன்னொருவர் சரிபார்த்த பாடம்தான் தளத்தில் ஏறும் என்பது அறக்கட்டளை வைத்த விதி. அதற்காக 'கூடப் பணிபுரிபவர் பெயர்' என்று ஒரு கட்டம். மலையிலோ பல பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியர்.

பெரக்கரை நாட்டிலிருந்து செல்வி டீச்சர் ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து வந்தார். அவரும் தனி ஆள்தான். ஒரே பலாப்பழத்தை வைத்து ஐந்து வகுப்புக்கும் சேர்த்துக் கணக்கு நடத்தும் பாடம் கொண்டுவந்திருந்தார். சின்னதுகள் கொட்டையை எண்ணும், நடுவில் உள்ளவை சுளையைப் பங்கு போடும், பெரியவை எடை பார்க்கும். எனக்கே மறுபடி பள்ளிக்கூடம் போக ஆசை வந்தது, பேசிக்கொண்டே இருந்தோம். ஆனால் கட்டம் காலி, பாடம் ஏறவில்லை. சேலத்துக்குப் போன் போட்டேன். அதிகாரி சொன்னார்: "துணைக்கு ஒருத்தர்கூட இல்லாம எப்படி சார் பள்ளிக்கூடம் நடக்கும்? நல்லா விசாரிங்க!"

கடைசிச் சனிக்கிழமை

விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை நான் ஆபீஸில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போவதில் வருத்தமில்லை. போனால் இங்கே யாரும் தேடமாட்டார்கள் என்பதில்தான் இருந்தது. அப்போது டீச்சர் மறுபடி வந்தார். பாடத்தைத் திறக்கச் சொன்னார். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி, காலிக் கட்டத்தில் என் பெயரை அடித்தார். பாடம் ஏறிவிட்டது.

"டீச்சர், நான் உங்க பள்ளிக்கூடத்து ஆள் இல்லையே" என்றேன்.

"நான் வேலைக்கு வந்ததுலேருந்து பாடத்தைப் பத்தி எங்கிட்ட உக்காந்து பேசுன ஆளு நீங்க ஒருத்தருதானுங்க, வேற ஆரு பேரைப் போடறது?"

மலை ஆசிரியர்களுக்குத் துணை சேர்க்கப் போன திட்டம் பிழைத்தது. அது சேர்த்த முதல் துணை நான்தான்.